மாமியின் காற்றுக் கை

எயிண்ட்ஹோவன், நெதர்லாந்து
28 ஏப்ரல் 2025

மதினிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நீங்கள் போனைப் பாதியில் வைத்த பிறகு பல தடவை எடுத்துப் பார்த்தேன். றஊப் நானாவும் "தங்கச்சி, என்ட பொண்டாட்டியோட நீயே கதைச்சுக்கொள்" என்று சொல்லிவிட்டார். அதனால்தான் மெயில். ஒரு விதத்தில் இதுவும் நல்லதுதான். போனில் கதைத்தால் உம்மா பக்கத்துக் கதிரையில் இருந்து ஒரு சொல் விடாமல் கேட்பார். இது அவர் காதில் விழ வேண்டாத கதை.

போனைத் திருப்பிக் குசினிச் சட்டியில் என்ன இருக்கிறது என்று காட்டச் சொன்னது என் பிழை. மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் ஏன் கேட்டேன் என்பதை நீங்கள் அறிய வேண்டும். நோன்புப் பெருநாளுக்கு வந்தபோது நான் கட்டிப் பிடித்த உம்மாவின் உடம்பு இல்லை இது. கன்னத்தில் எலும்பு தெரிகிறது. மே கடைசியில் வருகிற கிளினிக்கில் நிறை இன்னும் குறைந்திருந்தால் மூக்கால் குழாய் விட்டுத்தான் சாப்பாடு கொடுக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். வாப்பாவைக் கடைசியில் அந்தக் குழாயோடு பார்த்தவர் உம்மா. "எனக்கு மட்டும் அத வெச்சிராதீங்க" என்று என்னிடம் கெஞ்சினார். நான் ஓம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

பெருநாளுக்கு நான் கொண்டுவந்த அந்த உறையை இங்கே ஆராய்ச்சிக்கூடத்தில் செய்ததே அதற்காகத்தான். பாரிசவாதத்தில் விழுந்த வலது கையை ரப்பர் உறைக்குள் விட்டால், காற்று ஏற ஏற அது கையைச் சோற்றுப் பீங்கானிலிருந்து வாய்க்குக் கொண்டுபோகும். விரல்கள் கொஞ்சம் அசைவதால் நுனிகளை வெளியே விட்டிருக்கிறோம். இடது கையால் தின்னவே மாட்டேன் என்று நிற்கிற உம்மா, தன் வலது கையாலேயே பிசைந்து தின்னலாம். அதில் இரும்பும் இல்லை, கையை முறுக்குகிற மோட்டாரும் இல்லை. வெளியிலிருந்து ஏதாவது அழுத்தினால் உடனே காற்றை விட்டுத் தளர்ந்துவிடும். யாருக்கும் நோகக் கூடாது என்பதுதான் நாங்கள் அதற்குப் போட்ட முதல் சட்டம்.

அப்படித் தளரும்போதெல்லாம் எனக்கு இங்கே கணினியில் ஒரு குறி வரும். மதினி, ஏறக்குறைய ஒவ்வொரு சாப்பாட்டிலும் பாதியில் யாரோ உறையை வெளியிலிருந்து அழுத்துகிறார்கள். அதோடு சாப்பாடு நின்றுவிடுகிறது.

அழுத்துவது யார்? கோபிக்காமல் சொல்லுங்கள்.

அம்ரா


கிண்ணியா
1 மே 2025

அம்ராவுக்கு, வ அலைக்குமுஸ்ஸலாம்.

கோபிக்காமல் சொல்லச் சொன்னீர்கள். கோபித்துக்கொண்டே சொல்கிறேன்.

நாங்கள் சோறு தின்பது நெதர்லாந்துக்கு எப்படித் தெரியும்? "இதில் காமரா ஒன்றும் இல்லை மதினி" என்று பெருநாளன்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னீர்கள். குறி வரும் என்பதை அன்றைக்கே சொல்ல வாய் வரவில்லையா? இப்போது உறைக்குக் காற்று அடிக்கிற அந்தப் பம்ப் பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் நான் முக்காட்டை இழுத்து விட்டுக்கொள்கிறேன். என் வீட்டுக்குள்ளேயே எனக்கு இந்த நிலைமை.

உங்கள் நானாவிடம் மெயிலைக் காட்டினேன். சீனன்குடா விமானத் தளத்தில் காவல் வேலை செய்கிற மனிதன். போனை வாசலில் வாங்கி வைத்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்களாம். "என்ட வீட்டிலருந்து வெளிநாட்டுக்குத் தகவல் போகுதெண்டா நாளைக்கு எவனாவது கேட்டா நான் என்னத்தச் சொல்லுற? உம்மா சோறு திண்ட தகவல் எண்டா நம்புவானா?" என்று எழும்பிப் போய் வைஃபையைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். பிள்ளைகள் என்னோடு முகம் நீட்டிக்கொண்டு திரிகிறார்கள். அதுவும் என் தலையில்தான்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். அழுத்துவது நான் இல்லை. நான் பக்கத்தில் நின்றால் மாமிக்குத் தின்ன வெட்கம். அதனால் சோற்றை வைத்துவிட்டுக் குசினிக்குப் போய்விடுவேன். கிளாஸ் விழுகிற சத்தம் கேட்டு ஓடிவந்தால் உங்கள் காற்றுக் கை, காற்றுப் போன டியூப் மாதிரித் தொங்கிக்கொண்டிருக்கும். மடியெல்லாம் சோறும் தண்ணீரும். காற்றுக் கை என்பது மாமி வைத்த பெயர். முதல் கிழமை அவரும் சிரித்தார். "சலாம் சொல்ல வந்தவன் கையை விடாமப் பிடிச்சிட்டு இருந்து, திடீரெண்டு கோவிச்சிட்டுப் போன மாதிரி இரிக்கி" என்றார். இப்போது சிரிப்பதில்லை. அது வரவரச் சீக்கிரமாகவே விழுகிறது. இரண்டு வாய் தின்றதும் "போதும், கழட்டு புள்ள" என்கிறார். நான் ஊட்டப் போனால் வாயை இறுக்கிக்கொண்டு "நான் என்ன தொட்டில் புள்ளையா?" என்று கேட்கிறார்.

நம் பக்கத்தில் தாயை வைத்துப் பார்ப்பது மகள்தான். நீங்கள் படிக்கப் போனீர்கள், நான் என் உம்மாவின் வீட்டை விட்டு இங்கே வந்தேன். இதை ஒரு நாளும் நான் சொல்லிக் காட்டியதில்லை. இன்றைக்குச் சொல்ல வைத்துவிட்டீர்கள்.

ஸுல்பிகா


எயிண்ட்ஹோவன்
4 மே 2025

மதினிக்கு,

நான் கேள்வி கேட்டது திங்கட்கிழமை. வியாழக்கிழமை குறி வருவது நின்றுபோனது. இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்காமல் இருக்க எனக்கு ஏலாது.

காமரா இல்லை என்று சொன்னது உண்மை. உறையில் ஏதாவது பட்டதா, எவ்வளவு அழுத்தியது, அவ்வளவுதான் எனக்கு வரும். அதை முதலே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. ஏசுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் வரவரச் சீக்கிரமாக விழுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது பழுதில்லை, நாங்கள் அப்படித்தான் பழக்கியிருக்கிறோம். வேண்டாம் என்று தள்ளுகிறவரை வற்புறுத்தக் கூடாது என்பதற்காக, தள்ளத் தள்ள முந்திக்கொண்டு விலக அது கற்றுக்கொள்ளும். அப்படியென்றால் அந்த வீட்டில் யாரோ அடிக்கடி தள்ளியிருக்கிறார்கள். உறை பொய் சொல்லாது மதினி. அதற்கு யாரோடும் கோபமில்லை.

எழுத விரும்பாத ஒன்றையும் எழுதுகிறேன். உம்மாவின் தங்கச்சி மூதூர்ச் சாச்சியின் மகள் சனூஸா நேற்று உம்மாவைப் பார்க்க வந்தாள் அல்லவா? ஒரு படம் அனுப்பியிருக்கிறாள். உம்மாவின் இடது மணிக்கட்டில் சுற்றிவர ஒரு சிவந்த தடம். துணியால் இறுக்கின தடம். அது உறையால் வந்ததில்லை. உறை இருப்பது வலது கையில்.

உம்மாவின் கையைக் கட்டினீர்களா?

ஓம் என்றால் இனி கதைக்க ஒன்றும் இல்லை. லீவு கேட்டுவிட்டு வந்து உம்மாவை மூதூரில் சாச்சி வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுவேன். நானா குறுக்கே நின்றாலும் கூட்டிப் போவேன்.

அம்ரா


கிண்ணியா
6 மே 2025

அம்ரா,

ஓம். கட்டினேன்.

சனூஸா எங்கள் வீட்டில் பாலாணம் ஊற்றி இரண்டு தரம் சோறு போட்டுத் தின்றவள். அதற்கு நடுவில் எப்போது படம் எடுத்தாள் என்று எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் நானே சட்டைக் கையை உயர்த்திக் காட்டியிருப்பேன்.

நீங்கள் ஏர்போட்டுக்கு வெளிக்கிடும்போது வேன் வாசலில் நின்று திரும்பத் திரும்ப என்ன சொன்னீர்கள்? "உறையில வேற ஒண்டும் படக் கூடாது மதினி, பட்டா விட்டிரும்." மாமியின் இடது கை சும்மா இருக்காமல் அந்தப் பக்கம் போய்க்கொண்டே இருந்தது. அவருக்கும் அது விளங்கியது. "இந்தக் கைதான் குழப்புது. கட்டிப் போடு புள்ள" என்று சொன்னது அவர். நான் மாட்டேன் என்றேன். "கிளினிக் வருகுது, குழாய் வெக்கப் போறாங்க" என்று கண் கலங்கினார். சனூஸா வருவதற்கு முந்தின நாள், என் பருத்திச் சால் ஒன்றை எடுத்துக் கதிரைக் கையோடு சேர்த்துக் கட்டினேன்.

அன்றைக்குக் காற்றுக் கை ஒரு தடவைகூட விழவில்லை. பீங்கானில் இருந்த சோறு முழுவதையும் தின்றார். எனக்கு வந்த சந்தோஷத்தில் கோபத்தை விட்டுவிட்டு உங்களுக்குப் போன் எடுப்போமா என்றுகூட யோசித்தேன். அப்போதுதான் விக்கல் வந்தது. சோறு நெஞ்சில் அடைத்துக்கொண்டது. தண்ணீர்க் கிளாஸ் முன்னால் இருக்கிறது, எடுக்க இடது கை துடிக்கிறது, துடிக்கத் துடிக்கச் சால் இறுகுகிறது. முடிச்சை அவிழ்க்க என் விரல்களுக்கு ஏலவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தேன். பிறகு தண்ணீர் குடித்துவிட்டு மாமி என் தலையைத் தடவினார். நான் குசினிக்குள் போய் அழுதேன். அதன் பிறகு ஒரு நாளும் கட்டவில்லை. இதுதான் அந்தத் தடத்தின் கதை. போதுமா?

இன்னும் ஒன்று. உங்கள் மெயில் படித்த பிறகு, என் வீட்டில் யார் கள்ளன் என்று நானே பார்க்க நினைத்தேன். இன்று மத்தியானம் குசினிக் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். மாமி இரண்டு வாய் தின்றார். மூன்றாவதற்குக் காற்றுக் கை உயர்ந்து நின்றது. நம் வீட்டில் எல்லோரும் குடிக்கிற மாதிரி இடது கையால் கிளாஸைத் தூக்கி, வலது புறங்கையில் சாய்த்து, பிஸ்மி சொல்லி ஒரு மிடறு குடிக்கப் போனார். அவ்வளவுதான். கையும் விழுந்தது, கிளாஸும் விழுந்தது. யாரும் தள்ளவில்லை. பக்கத்தில் யாரும் இல்லை. கிளாஸ் பட்டதும் அதுவாகவே விழுந்தது.

இதைச் சொல்வதும் நான் என்பதால் நம்ப மாட்டீர்கள். உறையைத்தானே நம்புவீர்கள்.

ஸுல்பிகா


எயிண்ட்ஹோவன்
7 மே 2025

மதினி,

நம்புகிறேன்.

உங்கள் மெயிலைப் படித்துவிட்டுச் சோறு ஆக்கினேன். கரண்டியை எடுக்காமல் கையால் தின்றேன். இங்கே வந்த பிறகு அப்படித் தின்றது குறைவு. நடுவில் தண்ணீர் குடித்தேன். இடது கை கிளாஸைத் தூக்கியது. வலது புறங்கை, நான் சொல்லாமலே போய், அதன் அடியில் முட்டுக் கொடுத்தது. அப்படியே நிறுத்திவிட்டு என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வலது கையில் சோறு இருக்கிறது, இடது கையால் குடிக்கக் கூடாது. அதனால் இடது கையால் தூக்கி வலது கையைத் தொட வைத்துக் குடிக்கிறோம். பேசப் பழகிய காலத்திலிருந்து செய்கிறேன். இதை நான் ஒரு விஷயமாகவே நினைத்ததில்லை. இங்கே உறையைப் போட்டுப் பார்த்த எல்லோரும் கரண்டியால் தின்றார்கள், போத்தலில் குழாய் வைத்துத் தண்ணீர் குடித்தார்கள். புறங்கையில் ஒரு கிளாஸ் வந்து சாயும் என்று உறைக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லியிருக்க வேண்டியவள் நான் ஒருத்திதான்.

கிளாஸ் பட்டதை அது தள்ளுதல் என்று எடுத்துக்கொண்டது. உம்மாவுக்குத் தாகம் எடுக்க எடுக்க, அவருக்குச் சோறு வேண்டாம் என்று அது கற்றுக்கொண்டது. நீங்கள் இடது கையைக் கட்டிய அன்றைக்கு அது விழாததும் அதனால்தான். தண்ணீர் குடிக்கிற கையை நாம் கட்டிப்போட்டோம். நீங்கள் மட்டும் இல்லை, நானும்தான்.

நான் எழுதியதெல்லாம் உங்கள் கையில் இருக்கிறது. அழித்துவிடுங்கள் என்று கேட்க எனக்கு வாயில்லை. எனக்கு மிகவும் வெட்கமாக இருக்கிறது மதினி. உங்களைச் சந்தேகப்பட்டேன்.

உறையை மாற்றுகிறேன். கிளாஸ் சாய்ந்தால் விடாமல் நிற்கப் பழக்குகிறேன். நானாவிடம் சொல்லி வைஃபையை ஒரு தடவை போடச் சொல்லுங்கள்.

அம்ரா


கிண்ணியா
9 மே 2025

அம்ரா,

மன்னிப்பைப் பிறகு பார்ப்போம். அவசரப்பட்டு இனிப்பாக எழுத வேண்டாம். எனக்கு இப்போதுதான் பயம் வந்திருக்கிறது.

இதுவரை அது தொட்டால் விட்டது. இனித் தொட்டாலும் விடாமல் நிற்கப் பழக்குவேன் என்கிறீர்கள். மாமி உண்மையாகவே வேண்டாம் என்று தள்ளினால்? நெஞ்சில் சோறு அடைத்தால்? அந்த நேரத்தில் உங்கள் காற்றுக் கை இன்னொரு பிடி சோற்றை வாய்க்குக் கொண்டுவந்தால் நான் யாரைக் கூப்பிடுவது? நான் கட்டியது சாலால். பல்லால் கடித்தாவது அவிழ்த்தேன். நீங்கள் கட்டப் போவதை எதனால் அவிழ்க்கிறது?

உங்கள் நானா வைஃபை போட மாட்டாராம். "திருத்தத்தோட இன்னும் என்னத்த வெச்சு அனுப்புறாளோ" என்கிறார். கூடப்பிறந்த தங்கச்சியைப் பற்றி அப்படிச் சொல்லக் கூடாது என்று நான்தான் அவரை ஏசினேன். ஆனால் எனக்குள்ளும் அந்த எண்ணம் இல்லாமல் இல்லை.

நேற்று மாமி வெறும் கஞ்சிதான் குடித்தார். கிளினிக் இருபத்தேழாம் தேதி.

ஸுல்பிகா


எயிண்ட்ஹோவன்
17 மே 2025

மதினிக்கு,

நீங்கள் கேட்டதை இங்கே என்னோடு வேலை செய்கிறவர்களிடம் வாசித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் முதலிலிருந்து பிரித்துப் பார்க்கத் தொடங்கினோம். அதனால்தான் இத்தனை நாள் எடுத்தது.

சாய்கிற பாரம் வேறு, தள்ளுகிற கை வேறு. புறங்கையில் கிளாஸ் சாய்ந்தால் உறை அசையாமல் நிற்கும். தாங்கத் தொட்டாலும் நிற்கும். எந்தப் பக்கமிருந்து தள்ளினாலும் விடும். உம்மாவின் கை இருமலாலோ விக்கலாலோ உதறினால் தள்ளாமலே விடும். சீக்கிரம் விலகலாம் என்று அது கற்றதையெல்லாம் அழித்துவிட்டேன். இந்தக் கிழமை முழுவதும் என் கையில் போட்டுக்கொண்டு மூன்று நேரமும் சோறு தின்றேன்.

நானாவிடம் சொல்லுங்கள், இந்தத் திருத்தத்தோடு குறி வருகிற வழியையும் அடைத்துவிட்டேன். எங்கள் ஆராய்ச்சிக்கு அது நட்டம்தான். எனக்கு மேலதிகாரியாக இருப்பவர் முகம் சுளித்தார், பரவாயில்லை. வைஃபை ஒரு தடவை போதும். அதன் பிறகு அந்த வீட்டில் உம்மா என்ன தின்றார், எவ்வளவு தின்றார், எனக்கு ஒன்றும் தெரியாது. நீங்கள் சொன்னால்தான் தெரியும்.

முதலில் உங்கள் கையில் போட்டுப் பாருங்கள். மனம் ஒத்துக்கொள்ளாவிட்டால் உம்மாவுக்குப் போட வேண்டாம்.

அம்ரா


கிண்ணியா
28 மே 2025

அம்ராவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

பத்து நாளாக நான் எழுதவில்லை. வேண்டுமென்றுதான் எழுதவில்லை. ஒன்றும் தெரியாமல் காத்திருப்பது எப்படி இருக்கிறது என்று நீங்களும் கொஞ்சம் பாருங்கள் என்று நினைத்தேன். இரண்டாம் நாளே மனம் குத்தியது, ஆனாலும் விட்டுக் கொடுக்கவில்லை.

உங்கள் நானா வைஃபையைப் போடவில்லை. என் போனில் இருந்த டேட்டாவைக் கொடுத்து நானே திருத்தத்தை இறக்கினேன். பிறகு காற்றுக் கையை என் கையில் மாட்டிக்கொண்டு மேசையில் இருந்தேன். தண்ணீர் குடித்தேன், நின்றது. தள்ளினேன், விட்டது. நம்பாமல் திரும்பத் திரும்பத் தள்ளினேன். உங்கள் நானாவைக் கூப்பிட்டு "நீங்க ஒருக்காத் தள்ளுங்க" என்றேன். அவர் கள்ளனைப் பிடிக்கிற மாதிரி வந்து தள்ளினார், அதற்கும் விட்டது. வேண்டுமென்றே இருமினேன். கை உதறியதும் தளர்ந்தது. அதற்குப் பிறகுதான் மாமிக்குப் போட்டேன். பக்கத்திலேயே இருந்தேன். அவருக்கு வெட்கம் என்றால் கண்ணை மூடிக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டேன்.

நேற்றுக் கிளினிக். நிறை குறையவில்லை, கொஞ்சம் ஏறியிருக்கிறது. குழாய் இப்போதைக்குத் தேவையில்லை என்று டொக்டர் சொன்னார். மாமி அவருக்கு முன்னாலேயே "அல்ஹம்துலில்லாஹ்" என்று சத்தமாகச் சொல்லி அழுதுவிட்டார்.

இனி நான் எழுதத் தயங்குகிற ஒன்று. வீட்டுக்கு வந்து மத்தியானச் சோறு வைத்தேன். மாமி பிசைந்து ஒரு பிடி எடுத்தார். காற்றுக் கை வழக்கம் போல அவர் வாய்ப் பக்கம் தூக்கத் தொடங்கியது. அவர் தோளைத் திருப்பி என் பக்கம் நீட்டினார். அதற்குக் கொஞ்சம் குழப்பம்தான். பிறகு அவர் போன போக்கிலேயே வந்து என் முகத்துக்கு முன்னால் நின்றது. எனக்கு வாயைத் திறக்கப் பயம். கையைத் தாங்கிப் பிடிக்கவும் பயம், எங்கே விட்டுவிடுமோ என்று.

"வாயத் திற புள்ள" என்றார் மாமி. "நீங்க ரெண்டு பேரும் போன்ல கதைக்காட்டி எனக்கு ஒண்டும் விளங்காதெண்டா நினைச்சீங்க? என்ட மகன்ட முகத்தப் பாத்தாலே விளங்குது. என்னால நீ பட்ட பாடு போதும். தின்."

உங்களோடு எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. அடுத்த தடவை வரும்போது நேரில் ஏசித் தீர்த்துக்கொள்கிறேன். ஆனால் மாமியின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அந்தச் சோற்றைத் தின்றேன். நான் பிடித்திருந்த நேரம் முழுவதும் கை விழவில்லை.

இது உங்களுக்குக் குறியாக வந்திருக்காது. அதனால் எழுதுகிறேன்.

ஸுல்பிகா